துளை ஒன்று, வேகம் பல

மடிக்கணினி ஒன்றைக் கையில் எடுத்து அதன் இரு பக்க விளிம்புகளையும் சற்று உற்றுப் பாருங்கள். சின்னஞ்சிறு துளைகள் சில தென்படும். ஒன்று நீள்சதுரமாக, உள்ளே ஒரு நாக்குடன் இருக்கும். மற்றொன்று முனைகள் உருண்டு மாத்திரை போல் இருக்கும். போர்ட் என்று நாம் சொல்லும் இத்துளைகள்தாம் கணிப்பொறியின் வாயில்கள். உள்ளே உள்ள தகவல் வெளியே போவதும், வெளியே உள்ள தகவல் உள்ளே வருவதும் இவற்றின் வழியேதான்.

இவற்றுள் மாத்திரை வடிவத் துளைக்கு டைப்-சி என்று பெயர். இன்று கடைக்காரரையும் வாடிக்கையாளரையும் ஒருங்கே குழப்புவது இதுதான். அடுத்தடுத்து உள்ள இரண்டு டைப்-சி துளைகள் பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள் போல இருக்கும். ஆனால் ஒன்று வினாடிக்கு 48 கோடி பிட்டுகளைக் கடத்துவதாகவும், மற்றது 4000 கோடி பிட்டுகளைக் கடத்துவதாகவும் இருக்கலாம். எண்பது மடங்குக்கு மேற்பட்ட இந்த வேறுபாட்டை வடிவத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது.

இதனால் யாருக்கு என்ன நட்டம் என்று கேட்கலாம். கல்யாணப் புகைப்படக்காரர் ஒருவரை எண்ணிக்கொள்வோம். வைகாசி மாதம், அடுத்தடுத்து முகூர்த்தங்கள். இரவு வரவேற்பில் எடுத்த படங்களும் வீடியோவும் சேர்ந்து 256 ஜிகாபைட், அதாவது 25,600 கோடி பைட். விடியற்காலை ஐந்து மணிக்கு வேறோர் ஊர் மண்டபத்தில் அவர் நிற்க வேண்டும். அதற்குள் மடிக்கணினியில் ஏற்றிய படங்களை வெளி டிஸ்க் ஒன்றிலும் பிரதி எடுத்துவிட வேண்டும். இரண்டாவது பிரதி இல்லாமல் கேமராவின் கார்டை அழிக்க அவருக்குத் துணிவில்லை. நடந்து முடிந்த திருமணத்தைப் படத்துக்காக இன்னொரு முறை நடத்தச் சொல்ல முடியாதல்லவா?

நல்ல விலை கொடுத்து வேகமான எஸ்.எஸ்.டி. வாங்கி வைத்திருக்கிறார். அதனோடு வந்த கேபிளை எங்கோ மறந்துவிட்டார். கைப்பேசிச் சார்ஜரின் கேபிள் பக்கத்தில் கிடக்கிறது. அதுவும் டைப்-சிதான். செருகினால் கச்சிதமாகப் பொருந்துகிறது, பிரதியும் தொடங்குகிறது. ஆனால் பதினொரு நிமிடத்தில் முடிந்திருக்க வேண்டிய வேலை இரண்டு மணி நேரம் ஓடுகிறது. டிஸ்க் கெட்டுவிட்டதா, கணிப்பொறி கெட்டுவிட்டதா என்று அவர் பதறுகிறார். எதுவும் கெடவில்லை. எல்லாம் விதிப்படியே வேலை செய்கின்றன!

இந்தப் புதிரை விடுவிக்க, கம்பி வழியே தகவல் எப்படிப் போகிறது என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

எட்டுக் கம்பியா, ஒற்றைக் கம்பியா?

கணிப்பொறிக்குத் தெரிந்த எழுத்துகள் இரண்டே: 0, 1. இவற்றுள் ஏதேனும் ஒன்று ஒரு பிட். எட்டு பிட்டுகள் சேர்ந்தால் ஒரு பைட். கோப்பின் அளவைப் பைட்டிலும், போர்ட்டின் வேகத்தைப் பிட்டிலும் சொல்வது வழக்கம். இந்த எட்டை மறந்துவிட்டுக் கணக்குப் போடுகிறவர்கள்தான் 'சொன்ன வேகம் வரவில்லை' என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போகிறார்கள்.

ஒரு பைட்டை அனுப்ப இரண்டு வழிகள் உண்டு. ஒரே கம்பியில் எட்டு பிட்டுகளையும் ஒன்றன்பின் ஒன்றாக அனுப்பலாம். இது தொடர் முறை. அல்லது எட்டுக் கம்பிகளைப் போட்டு, கம்பிக்கு ஒன்றாக எட்டையும் ஒரே நேரத்தில் அனுப்பலாம். இது இணை முறை.

தொடர் முறையில் பெயர் பெற்ற பழைய போர்ட் ஆர்.எஸ்.-232. இதன் தரம் 1960-இல் அமெரிக்காவில் வகுக்கப்பட்டது. கணிப்பொறிகளில் பின்னாளில் இதன் வழக்கமான உச்ச வேகம் வினாடிக்கு 1,15,200 பிட். ஒவ்வொரு பைட்டுக்கும் முன்னும் பின்னும் ஒரு காவல் பிட் சேர்வதால், உண்மையில் போவது வினாடிக்கு 11,520 பைட்டுகளே. 64 ஜிகாபைட் பென் டிரைவ் ஒன்றின் சரக்கு முழுவதையும் இவ்வழியே அனுப்பினால் 64 நாட்கள் ஆகும்!

இணை முறைக்கு எடுத்துக்காட்டு அச்சுப் பொறியின் போர்ட். 1970-இல் சென்ட்ரானிக்ஸ் நிறுவனத்தின் அச்சுப் பொறியோடு தோன்றியது. 1981-இல் வந்த ஐ.பி.எம். சொந்தக் கணிப்பொறியும் இந்த முறையைக் கைக்கொண்டது. எட்டுக் கம்பிகளில் தகவல், மேலும் பல கம்பிகளில் கட்டளைகள் என்று கட்டை விரல் பருமனில் கேபிள் இருக்கும்.

சாதாரண அறிவு என்ன சொல்லும்? ஒரு கம்பியைவிட எட்டுக் கம்பி மேல் என்றுதான் சொல்லும். எதிர்காலத்தில் பதினாறு கம்பி, முப்பத்திரண்டு கம்பி என்று கேபிள் பருத்துக்கொண்டே போக வேண்டியதுதானே? நடந்ததோ நேர்மாறு. இன்றைய மடிக்கணினியின் விளிம்பில் இணை முறைப் போர்ட்டைத் தேடினாலும் கிடைக்காது. ஒற்றை வரிசையில் போன தொடர் முறை வென்றுவிட்டது.

இந்த வெற்றியின் காரணம் சுவையானது. கோலாட்டம் பார்த்திருப்பீர்கள். எட்டுப் பெண்கள் ஒரே நேரத்தில் கோல்களைத் தட்ட வேண்டும். தாளம் மெதுவாக இருக்கும்போது ஒருத்தி இமைப்பொழுது பிந்தினாலும் யாருக்கும் தெரியாது. தாளத்தை நாலு மடங்கு விரைவாக்குங்கள். அதே இமைப்பொழுதுப் பிந்தல், அவளுடைய கோலை அடுத்த தட்டில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். ஆட்டம் குலையும்.

எட்டுக் கம்பிகளும் இப்படித்தான். எவ்வளவு கவனமாகச் செய்தாலும் ஒன்று மற்றொன்றைவிட மயிரிழை நீளமாக இருக்கும், அல்லது அதன் உறை சற்றுத் தடித்திருக்கும். எனவே எட்டுக் குறிகளும் ஒரே கணத்தில் போய்ச் சேர்வதில்லை. வேகம் குறைவாக உள்ளவரை இது பொருட்டில்லை. வேகம் கூடக் கூட, ஒரு கம்பியில் வரும் இந்தப் பைட்டின் பிட், அடுத்த கம்பியில் வரும் மறு பைட்டின் பிட்டோடு கலந்துவிடுகிறது. போதாக்குறைக்கு, நெருங்கி ஓடும் கம்பிகள் ஒன்றின் மேல் ஒன்று தம் குறியைத் தெளித்தும் விடுகின்றன.

எவ்வளவு நுட்பமான விவகாரம் இது என்பதை ஒரு கணக்கால் உணரலாம். கேபிளில் மின்குறி ஏறத்தாழ வினாடிக்கு 2 லட்சம் கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. வினாடிக்கு 9600 பிட் அனுப்பிய பழைய காலத்தில், ஒரு பிட்டின் முனை புறப்பட்டு அதன் வால் புறப்படுவதற்குள் முனை 20 கிலோமீட்டருக்கு அப்பால் போயிருக்கும். அதாவது ஒரு பிட்டின் 'நீளம்' 20 கிலோமீட்டர்! இரண்டு மீட்டர் கேபிளில் சில மில்லிமீட்டர் வேறுபாடு அங்கே எம்மாத்திரம்? வினாடிக்கு 500 கோடி பிட் அனுப்பும் இன்றைய போர்ட்டில் ஒரு பிட்டின் நீளம் 4 சென்டிமீட்டர்தான். ஒரு மீட்டர் கேபிளுக்குள் எந்தக் கணத்திலும் 25 பிட்டுகள் வரிசையாக ஓடிக்கொண்டிருக்கின்றன. இங்கே எட்டுக் கம்பிகளைத் தாளம் தப்பாமல் ஓட்டுவது பெரும்பாடு.

ஒற்றை வரிசையில் போனால் பிந்துவோர், முந்துவோர் என்ற பேச்சே இல்லை. ஆகவே அதையே பன்மடங்கு விரைவாக ஓட்டலாம். பொறியாளர்கள் பிடித்துக்கொண்ட வழி இதுதான்.

ஒற்றை வரிசை என்றாலும் அதற்கு இரண்டு கம்பிகளைப் பயன்படுத்துகிறார்கள். இரண்டும் முறுக்கிய கயிறு போல் பின்னிக் கிடக்கும். ஒன்றில் மின்னழுத்தம் ஏறும்போது மற்றதில் இறங்கும். மறுமுனையில் உள்ள கருவி இரண்டுக்கும் இடையே உள்ள வேறுபாட்டை மட்டும் பார்க்கிறது. பக்கத்து அறையில் மிக்ஸி ஓடுகிறது என்று வையுங்கள். அதன் மின் இரைச்சல் இரு கம்பிகளின் மேலும் ஏறக்குறைய ஒரே அளவில் விழும். தராசின் இரு தட்டுகளிலும் ஒரே அளவு தூசு படிந்தால் முள் அசையாதல்லவா? அதுபோல வேறுபாடு மாறாமல் நிற்கிறது. குறி பிழைக்கிறது.

இன்னொரு சிக்கலும் உண்டு. தொடர்ந்து ஒரே மாதிரியான குறி வந்துகொண்டிருந்தால், 'இதுவரை வந்தவை எத்தனை?' என்ற எண்ணிக்கை கேட்கும் பக்கத்துக்குத் தப்பிவிடும். ஆகவே யூ.எஸ்.பி. முறையில் 0 வந்தால் மின்குறி மாறும், 1 வந்தால் மாறாது என்று வைத்தார்கள். ஆறு முறை தொடர்ந்து 1 வந்துவிட்டால், அனுப்பும் பக்கம் பொய்யாக ஒரு 0-வைச் செருகி ஒரு மாற்றத்தை உண்டாக்கும். கேட்கும் பக்கம் அதை அடையாளம் கண்டு தள்ளிவிடும். 500 கோடி பிட் வேகத்தில் வேறு ஏற்பாடு: ஒவ்வோர் எட்டு பிட்டும் பத்து பிட்டாக மாற்றி எழுதப்பட்டுப் போகும். ஐந்தில் ஒரு பங்கு இந்தக் கட்டுச் சோற்றுச் செலவிலேயே போய்விடுவதால், வினாடிக்கு 50 கோடி பைட்டுக்கு மேல் அதில் போகாது. நடைமுறையில் 40 கோடி வந்தால் நல்ல வருமானம்.

வருகைப் பதிவேடு

1990-களின் தொடக்கத்தில் மேசைக் கணிப்பொறியின் முதுகைப் பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும். விசைப்பலகைக்கு ஒரு துளை, மவுசுக்கு ஒரு துளை, அச்சுப் பொறிக்கு ஒன்று, மோடத்துக்கு ஒன்று. புதிதாக ஒன்றை இணைத்தால் கணிப்பொறியை அணைத்துப் போட வேண்டும். இந்தத் தொல்லையை ஒழிக்க ஏழு நிறுவனங்கள் கூடி ஒரு பொதுத் தரத்தை உருவாக்கின. காம்பேக், டெக், ஐ.பி.எம்., இன்டெல், மைக்ரோசாஃப்ட், என்.இ.சி., நார்டெல் ஆகியவை அவை. 1996 ஜனவரியில் யூ.எஸ்.பி. வெளிவந்தது. இன்டெல் நிறுவனத்தில் இம்முயற்சியை முன்னின்று நடத்திய அஜய் பட், குஜராத்தைச் சேர்ந்தவர், வதோதராவில் பொறியியல் படித்தவர்.

பென் டிரைவைச் செருகும்போது முதல் முறை நுழையாது, திருப்பினால் நுழையும் என்று உலகமே கேலி செய்கிறதே, அதற்கும் அவர் விடை சொல்லியிருக்கிறார். இரு பக்கமும் நுழையும்படி அமைத்தால் கம்பிகளும் சுற்றுகளும் கூடுதலாக வேண்டும்; செலவு ஏறக்குறைய இரு மடங்காகும்; புதிய தரத்தை யாரும் ஏற்க மாட்டார்கள் என்பதே காரணம். அன்றைய நிலையில் அது சரியான முடிவு என்றே தோன்றுகிறது.

யூ.எஸ்.பி. முறையில் கணிப்பொறிதான் ஆசிரியர், இணைக்கப்பட்ட கருவிகள் மாணவர்கள். ஆசிரியர் பெயரைக் கூப்பிட்டால் மட்டுமே மாணவன் வாய் திறக்கலாம். மவுஸ் தானாக 'நான் நகர்ந்துவிட்டேன்' என்று சொல்வதில்லை. கணிப்பொறி வினாடிக்குப் பல முறை, சாதாரண மவுஸ்களை 125 முறை, 'ஏதாவது உண்டா?' என்று கேட்கிறது; மவுஸ் 'உள்ளேன் ஐயா' என்கிறது. பிற்காலத்தில் கருவிகளுக்குக் கொஞ்சம் உரிமை கிடைத்திருந்தாலும், பேச்சைத் தொடங்குவது பெரும்பாலும் கணிப்பொறியே. புதிதாக ஒன்றைச் செருகியதும் 'நீ யார்? என்ன வேலை செய்வாய்? எவ்வளவு மின்சாரம் வேண்டும்? எவ்வளவு வேகமாகப் பேசுவாய்?' என்ற விசாரணை நடக்கிறது. 'டிங்' என்ற ஒலிக்கு முன் இவ்வளவும் முடிந்திருக்கும்.

பழைய நீள்சதுர டைப்-ஏ செருகியின் வாயை வெளிச்சத்தில் பாருங்கள். நான்கு பொன்னிறப் பட்டைகளில் ஓரத்து இரண்டும் நடு இரண்டைவிடச் சற்று நீளமாக இருக்கும். ஓரத்தவை மின்சாரத்துக்கு, நடுவில் உள்ளவை தகவலுக்கு. மின்சாரம் முதலில் சேர்ந்த பிறகே தகவல் கம்பி தொட வேண்டும், பிடுங்கும்போது அது கடைசியில் அற வேண்டும் என்பதற்காக இந்த ஏற்பாடு. கணிப்பொறியை அணைக்காமலே செருகலாம், எடுக்கலாம் என்ற வசதிக்கு இந்த மில்லிமீட்டர் வேறுபாடும் ஒரு காரணம்.

முதல் யூ.எஸ்.பி.யின் உச்ச வேகம் வினாடிக்கு 1 கோடியே 20 லட்சம் பிட். 2000-இல் வந்த இரண்டாம் பதிப்பில் 48 கோடி. இதில் தகவலுக்கு ஒரே ஓர் இணைக் கம்பிதான். ஆகவே ஒரு நேரத்தில் ஒரு திசையில்தான் போகலாம். ஒற்றை வழிப் பாலம் போல. 2008-இல் வந்த மூன்றாம் பதிப்பு, பழைய நான்கு தொடுமுனைகளுக்குப் பின்னால் மேலும் ஐந்தைச் சேர்த்தது. போக ஓர் இணை, வர ஓர் இணை. வேகம் 500 கோடி. அடையாளத்துக்காக உள்ளே உள்ள நாக்குக்கு நீல நிறம் பரிந்துரைக்கப்பட்டது. பரிந்துரைதான், கட்டாயம் இல்லை. சில வேளைகளில் இச்செருகியை மிக மெதுவாக நுழைத்தால், முன்னால் உள்ள பழைய நான்கு முனைகள் முதலில் தொட, கணிப்பொறி அதைப் பழைய வேகக் கருவி என்று முடிவு கட்டிவிடுவதும் உண்டு. உருவி மறுபடி சட்டென்று செருகினால் சரியாகும்.

பிறகு 2013-இல் 1000 கோடி, 2017-இல் 2000 கோடி, 2019-இல் 4000 கோடி, 2022-இல் 8000 கோடி என்று வேகம் ஏறியது. வேகம் ஏறியதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பெயரிட்டதில்தான் கோட்டை விட்டார்கள். 2008-இல் 3.0 என்று பிறந்தது பின்னர் '3.1 முதல் தலைமுறை' ஆயிற்று. அதன் பின்னர் '3.2 முதல் தலைமுறை' ஆயிற்று. வேகம் மட்டும் அதே 500 கோடி. ரேஷன் அட்டையில் ஒரு பெயர், வாக்காளர் அட்டையில் ஒரு பெயர், பள்ளிச் சான்றிதழில் ஒரு பெயர் என்று இருப்பவரின் நிலைதான்! தரத்தை வகுக்கும் அமைப்பே 2022-இல் இதை உணர்ந்து, இனி வேகத்தின் எண்ணையே பெயராகப் போடுங்கள் என்று நிறுவனங்களுக்குச் சொல்லிவிட்டது. ஆகவே விளம்பரத்தில் 3.1, 3.2 என்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். 5, 10, 20, 40 ஜிகாபிட் என்ற எண் எங்கே இருக்கிறது என்று தேடுங்கள். ஒரு ஜிகாபிட் என்பது நம் கணக்கில் 100 கோடி பிட்.

மாத்திரைத் துளையின் மர்மம்

2014 ஆகஸ்டில் டைப்-சி தரம் வெளிவந்தது. அந்தச் சிறு வாய்க்குள் மேலே பன்னிரண்டு, கீழே பன்னிரண்டு என 24 தொடுமுனைகள். தலைகீழாகத் திருப்பினாலும் மின்சாரத்துக்கு நேரே மின்சாரமும், தரைக்கு நேரே தரையும் வரும்படி அடுக்கியிருக்கிறார்கள். எந்தப் பக்கம் செருகப்பட்டது என்று கணிப்பொறிக்கு எப்படித் தெரியும்? போர்ட்டில் இதற்கென மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு முனைகள் உள்ளன. கேபிளில் அதற்குரிய கம்பி ஒன்றே ஒன்று. அந்தக் கம்பி எந்த முனையில் தட்டுப்படுகிறதோ, அதைக் கொண்டு நேரா, தலைகீழா என்று தெரிந்துகொள்கிறது. எவ்வளவு மின்சாரம் தருவது என்ற பேரமும் அதே கம்பியில்தான் நடக்கிறது. 2021 முதல் இவ்வழியே 240 வாட் வரை கொடுக்கத் தரம் இடம் தருகிறது. அதனால்தான் இன்று பல மடிக்கணினிகளில் சார்ஜரும், டிஸ்க்கும், வெளித் திரையும் ஒரே வகைத் துளையில் செருகப்படுகின்றன.

ஆனால் 24 முனைகளுக்கும் பின்னால் கம்பி இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை. டைப்-சி என்பது வாயின் வடிவத்துக்கு மட்டுமே பெயர். உள்ளே எந்த வேகத்தை வைப்பது என்பது தயாரிப்பாளரின் விருப்பம், விலையைப் பொறுத்த விஷயம். 2023-இல் வந்த ஐபோன் 15-இன் சாதாரண வகையில் டைப்-சி துளை உண்டு, வேகமோ 2000-ஆம் ஆண்டின் 48 கோடி பிட். அதே ஆண்டின் ஐபோன் 15 புரோ வகையில் அதே துளை, வேகம் 1000 கோடி.

மறுபக்கத்தில், தண்டர்போல்ட் என்றொரு முறை உண்டு. இன்டெலும் ஆப்பிளும் சேர்ந்து 2011-இல் கொண்டுவந்தவை வேறு வடிவத் துளையுடன் இருந்தன. 2015-இல் அதன் மூன்றாம் பதிப்பு டைப்-சி வடிவத்துக்கே மாறி, 4000 கோடி பிட் வேகத்தோடு வந்தது. அம்பு முனையுடன் கூடிய மின்னல் குறி அதன் அடையாளம். சில மடிக்கணினிகளில் சாதாரண டைப்-ஏ துளைக்கு அருகிலும் ஒரு மின்னல் குறி இருக்கும். கணிப்பொறி அணைந்திருந்தாலும் அதில் கைப்பேசியைச் சார்ஜ் செய்யலாம் என்பது மட்டுமே அதன் பொருள். இரண்டையும் ஒன்றென்று எண்ணிவிடக் கூடாது.

இப்போது கல்யாணப் புகைப்படக்காரரின் கேபிளுக்கு வருவோம். சார்ஜருடன் வரும் கேபிள்கள் பலவற்றில் மின்சாரக் கம்பிகள், பேரம் பேசும் கம்பி, 48 கோடி வேகத்துக்கான அந்த ஒரே ஓர் இணை ஆகியவை மட்டுமே இருக்கும். விரைவான போக்குவரத்துக்குரிய மற்ற இணைகள் அறவே இரா. இது ஏமாற்று வேலை அன்று. தரமே இதற்கு அனுமதி அளிக்கிறது. கம்பி குறைந்தால் கேபிள் மெலிதாகும், எளிதில் வளையும், விலையும் குறையும். சார்ஜ் செய்ய அதுவே போதும். முழு வேகக் கேபிளிலோ எல்லாக் கம்பிகளும் இருப்பதோடு, 'நான் இவ்வளவு தாங்குவேன்' என்று கணிப்பொறியிடம் சொல்லும் ஒரு சிறு சில்லும் செருகியின் தலைக்குள் இருக்கும்.

ஆக, போர்ட், கேபிள், கருவி என்று மூவர் கூடிப் பேசுகிறார்கள். மூவரில் மிக மெதுவானவர் எவரோ அவருடைய வேகமே முடிவாகிறது. 48 கோடி பிட் கேபிளில் நடைமுறையில் வினாடிக்கு மூன்றரைக் கோடி பைட் போகும். 25,600 கோடி பைட்டுக்கு இரண்டு மணி நேரம். முழுக் கம்பியுள்ள 500 கோடிக் கேபிளில் வினாடிக்கு 40 கோடி பைட். பதினொரு நிமிடத்துக்கும் குறைவு.

எஸ்.எஸ்.டி.க்குப் பதிலாகச் சுழலும் தட்டு வகை ஹார்டு டிஸ்க் இருந்திருந்தால்? அந்தத் தட்டு வினாடிக்குப் பன்னிரண்டு கோடி பைட் அளவில் எழுதினாலே அதிகம். நாற்பது நிமிடம் பிடிக்கும். 4000 கோடித் துளையில் செருகினாலும் அதே நாற்பது நிமிடம்தான். மலிவான பென் டிரைவ்களில் சில வினாடிக்கு ஒன்றரைக் கோடி பைட்தான் எழுதும். அதை நீலத் துளையில் செருகினாலும் கறுப்புத் துளையில் செருகினாலும் ஒன்றே. பலர் பென் டிரைவின் மந்தத்தைப் பார்த்துவிட்டு மடிக்கணினியை மாற்றக் கிளம்புகிறார்கள்!

நீளத்தையும் கவனிக்க வேண்டும். 48 கோடி வேகத்தில் டைப்-ஏ கேபிள் 5 மீட்டர் வரை இருக்கலாம். 4000 கோடி வேகத்துக்குச் சாதாரணச் செப்புக் கேபிள் ஒரு மீட்டரை எட்டுவதே கடினம். அந்த வேகத்தில் தகவல் இரண்டு இணைகளில் பகிர்ந்து போகிறது. ஒவ்வொன்றிலும் ஒரு பிட்டின் நீளம் ஒரு சென்டிமீட்டர். சற்று தூரம் போனாலே குறி மங்கிவிடும்.

பொதுவாக வேகக் குறைவு பொறுமையை மட்டும் சோதிக்கும். தவறாகச் செய்த கேபிளோ கணிப்பொறியையே பலி வாங்கும். கூகுள் நிறுவனப் பொறியாளர் பென்சன் லியுங் என்பவர் 2015 முதல், இணையக் கடைகளில் விற்ற டைப்-சி கேபிள்களை வாங்கிச் சோதித்து முடிவுகளை வெளியிட்டு வந்தார். 2016 பிப்ரவரியில் அப்படி வாங்கிய ஒரு கேபிளில் மின்சாரக் கம்பியும் தரைக் கம்பியும் மாற்றி இணைக்கப்பட்டிருந்தன. செருகியவுடன் அவருடைய மடிக்கணினியின் போர்ட்டுகள் செயலிழந்தன. அதே ஆண்டில் அமேசான் நிறுவனம் தரத்துக்கு ஒவ்வாத டைப்-சி கேபிள்களை விற்கத் தடை விதித்தது. பெயர் தெரியாத மலிவுக் கேபிளில் மிச்சமாகும் சில நூறு ரூபாய்க்கு, பல ஆயிரம் ரூபாய் மடிக்கணினியைப் பணயம் வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

கடிகாரச் சோதனை

உங்கள் மடிக்கணினியில் எது எந்தத் துளை என்று அறிய, முதலில் விளிம்பில் அச்சிட்ட குறிகளைப் பாருங்கள். எஸ்.எஸ். என்ற எழுத்துகளோ, 5, 10, 20, 40 என்ற எண்களோ இருக்கலாம். இல்லாவிட்டால் தயாரிப்பாளரின் விவரக் குறிப்பில் உங்கள் மாதிரி எண்ணைத் தேடி, ஒவ்வொரு துளைக்கும் எதிரே உள்ள வேகத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். இடப் பக்கத் துளைக்கு ஒன்றும் வலப் பக்கத் துளைக்கு ஒன்றுமாக எழுதியிருப்பதைக் கண்டு வியக்க வேண்டாம்.

கேபிளைச் சோதிக்கக் கடிகாரமே போதும். வேகமான எஸ்.எஸ்.டி. ஒன்றில் 10 ஜிகாபைட் அளவுள்ள ஒரே பெரிய கோப்பைப் பிரதி எடுங்கள். அரை நிமிடத்தில் முடிந்தால் கேபிள் நல்லது. ஐந்து நிமிடத்தை நெருங்கினால் அது சார்ஜ் கேபிள். ஒரு துண்டுச் சீட்டை ஒட்டித் தனியே வைத்துவிடுங்கள். ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளைக் கொண்டு சோதித்தால் கணக்குத் தவறும்; ஒவ்வொரு கோப்புக்கும் பதிவேட்டில் ஒரு வரி எழுதும் நேரம் தனியே சேரும்.

சோதிக்கும்போது, பக்கத்தில் கம்பியில்லா மவுஸ் தத்தளித்தால் அதுவும் கெட்டுவிட்டது என்று எண்ண வேண்டாம். 500 கோடி வேகப் போர்ட் எழுப்பும் வானொலி இரைச்சல், மவுஸ் பயன்படுத்தும் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசையிலும் விழுகிறது. இன்டெல் நிறுவனமே 2012-இல் இதை அளந்து அறிக்கை வெளியிட்டது. மவுசின் சிறு வாங்கியை அடுத்த பக்கத் துளைக்கு மாற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

பிரதி முடிந்ததும் உடனே உருவலாமா என்பது பலருக்கும் உள்ள ஐயம். திரையில் ஓடும் பட்டை நிறைந்துவிட்டது என்றால், எல்லாப் பிட்டுகளும் டிஸ்க்கை அடைந்துவிட்டன என்று எப்போதும் பொருள் இல்லை. வேகத்துக்காகக் கணிப்பொறி தன் நினைவகத்தில் கொஞ்சத்தை வைத்துக்கொண்டு, 'எழுதியாயிற்று' என்று சொல்லிவிட்டுப் பின்னால் மெல்ல எழுதும் வழக்கம் உண்டு. விண்டோஸ் 10-இல், 2018-இல் வந்த பதிப்பு முதல், வெளி டிஸ்க்குகளுக்கு இந்த வழக்கத்தைத் தாமாகவே நிறுத்தி வைத்திருக்கிறார்கள். லினக்சில் இது இன்னும் சாதாரணம். இடையில் உருவினால் கடைசிக் கோப்பு மட்டும் போவதில்லை. எந்தக் கோப்பு எங்கே உள்ளது என்ற பதிவேட்டைத் திருத்திக்கொண்டிருக்கும் நேரமாக அது அமைந்துவிட்டால், நூலகத்தின் அட்டவணையைக் கிழித்த கதையாகிவிடும். புத்தகங்கள் அலமாரியில் இருக்கும், தேடி எடுக்க வழி இராது.

ஆகவே 'பாதுகாப்பாக அகற்று' என்ற கட்டளையைக் கொடுத்து, அகற்றலாம் என்ற செய்தி வரும்வரை காத்திருங்கள். அதன்பின் டிஸ்க்கை மறுபடி செருகி, இரு பக்கமும் கோப்புகளின் எண்ணிக்கையும் மொத்த அளவும் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். முதலில் ஒன்று, நடுவில் ஒன்று, கடைசியில் ஒன்று என நாலைந்து படங்களையாவது டிஸ்க்கிலிருந்தே திறந்து பார்த்த பிறகு கேமராவின் கார்டை அழிக்கலாம்.